ஸ்ரீ இலக்க ஜீப்பும் செலஞ்சர் கனவும்

நண்பரின் கைப்பேசியில் ஒரு கறுப்பு டொட்ஜ் செலஞ்சர் உறுமிக்கொண்டிருந்தது. எங்களுக்கு முன்னால், பலா மரத்தடியில், நிறம் இன்னதென்று சொல்ல முடியாத ஒரு வில்லிஸ் ஜீப் வாய் திறக்காமல் நின்றது. மாத்தளையிலிருந்து இரத்தோட்டை போகிற வீதியில் ஒரு கராஜ். கராஜ் என்றால் நாலு தூணும் தகரக் கூரையும், எண்ணெய் குடித்துக் குடித்துக் கறுத்துப்போன மண்தரையும்தான். நண்பருக்கு மிளகு வியாபாரம். மிளகு விலை ஏறும்போதெல்லாம் அவருக்குக் கார் ஆசையும் ஏறும்; விலை இறங்கும்போது ஆசை மட்டும் இறங்காது. இந்த முறை தீர்மானமாகச் சொல்லிவிட்டார்: "எல்லாம் கரண்டுக்கு மாறப்போகுது. அதுக்கு முன்னால ஒரு பெற்றோல் வண்டி. அதுவும் அமெரிக்கன்."

துணைக்குப் போன எனக்கு வேடிக்கை பார்ப்பதைத் தவிர வேறு வேலை இல்லை.

அவர் ஆசைப்பட்டது 'மசில் கார்' என்ற இனம். சாதாரணக் குடும்பத்தார் வாங்கக்கூடிய நடுத்தரக் காரை எடுத்து, அதன் உடம்புக்குத் துளியும் பொருந்தாத பெரிய எஞ்சினை உள்ளே திணிப்பதுதான் அந்த வித்தை. 1964இல் பொன்டியாக் நிறுவனம் ஜி.டீ.ஓ. என்ற பெயரில் இதைச் செய்தது. 389 கன அங்குல வி8 எஞ்சின். நம் கணக்கில் ஏறக்குறைய 6.4 லீற்றர். மாத்தளை பஸ் நிலையத்தைச் சுற்றி நிற்கிற 800 சீசீ ஓல்டோக்களில் எட்டைப் பிடித்து எஞ்சின்களை ஒன்றாகக் கட்டினால் ஒரு ஜி.டீ.ஓ. கிடைக்கும். அதே 1964 ஏப்ரலில் ஃபோர்ட் மஸ்டாங்கை இறக்கியது. கிறைஸ்லர் தன் பங்குக்கு 7 லீற்றர் 'ஹெமி' எஞ்சினைக் கொண்டுவந்தது. பெற்றோல் தண்ணீர் விலைக்கு விற்ற நாட்டில், இரண்டாம் உலகப் போர் முடிந்த பின் பிறந்த பிள்ளைகள் உரிமம் எடுக்கும் வயதுக்கு வந்த நேரத்தில், இது விற்காமல் இருந்தால்தான் ஆச்சரியம். 1970இன் தூய காற்றுச் சட்டமும் 1973இன் எண்ணெய் நெருக்கடியும் காப்புறுதிக் கட்டணமும் சேர்ந்து பத்து ஆண்டுக்குள் அந்த ஆட்டத்தை அடக்கின. பிறகு புதிய நூற்றாண்டில் அது பழைய பெயர்களோடு திரும்பி வந்தது. செலஞ்சர் அந்த இரண்டாம் பிறவிதான். அதுவும் 2023 டிசம்பரோடு நின்றது. இன்னொரு பழைய பெயரான கமாரோவும் அந்த நாட்களிலேயே விடைபெற்றது. வி8 மஸ்டாங் மட்டும் இன்னும் தாக்குப்பிடிக்கிறது.

டொட்ஜ் அதன் பிறகு விட்ட 'சார்ஜர்' என்ற மின்சாரக் காரில் ஒரு வேடிக்கை இருக்கிறது. எஞ்சின் இல்லாத காருக்கு உறுமல் வேண்டும் என்று, காற்றைத் தள்ளி ஓசை எழுப்புகிற ஒரு கருவியைப் பொருத்தினார்கள். 126 டெசிபல் வரை போகும் என்று பெருமையாகவும் சொன்னார்கள். மேளக்காரரைக் கூப்பிடாத கல்யாணத்தில் கெட்டிமேளத்தை ஸ்பீக்கரில் போடுவது மாதிரி. நண்பர் அந்தக் காணொளியையும் காட்டினார். சிரித்தோம், ஆனால் அவர் சிரிப்பில் ஒரு வருத்தம் இருந்தது.

செலஞ்சர் ஏன் மாத்தளைக்கு வராது என்பதற்குப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை. அது இடக்கைப் பக்கம் ஸ்டியரிங் வைத்த வண்டி. அப்படியொன்றை இலங்கையில் சாதாரணமாகப் பதிய முடியாது. பாவித்த காரை இறக்கவும் வயது வரம்பு இருக்கிறது, 1970ஆம் ஆண்டுக் கிழவர்களுக்கு அதில் இடமில்லை. வரி எஞ்சினின் சீசீ கணக்கில் ஏறுகிறது, ஆகவே பெரிய எஞ்சின் என்பதே ஒரு குற்றம். இத்தனைக்கும் மேலாக, 2020 மார்ச்சில் மூடிய இறக்குமதிக் கதவு 2025 பெப்ரவரி 1ஆம் திகதிதான் தனியார் கார்களுக்குத் திறந்தது. இடைப்பட்ட ஐந்து வருடத்தில் பாவித்த ஜப்பான் கார்களை வாங்கிய விலைக்கு மேலே விற்றவர்கள் நம் எல்லோர் குடும்பத்திலும் ஒருவராவது இருப்பார்கள். வலக்கை ஸ்டியரிங்கோடு ஃபோர்ட் தொழிற்சாலையிலேயே செய்த மஸ்டாங் 2015க்குப் பிறகு உண்டு. கொழும்பில் சில ஓடுகின்றன. அவற்றின் விலையைக் கேட்டால் மிளகு வியாபாரி என்ன, தோட்டக் கம்பனியே யோசிக்கும். சரி, வாங்கியே விட்டார் என்று வைத்துக்கொள்வோம். இரத்தோட்டைக்கு அப்பால் ரிவர்ஸ்டன் ஏறுகிற வளைவுகளில் எதிரே ஒரு பஸ் வந்தால் அந்த அகன்ற உடம்பை எங்கே ஒதுக்குவார்?

ஆக, மாத்தளையில் கைக்கெட்டுகிற அமெரிக்க இரும்பு பலா மரத்தடியில் நிற்பதுதான்.

ஜீப் இந்த மண்ணுக்கு ஏதோ வழி தவறி வந்த விருந்தாளி இல்லை. இரண்டாம் உலகப் போரின்போது, 1944 ஏப்ரலில், நேச நாட்டுத் தளபதி மவுண்ட்பேட்டன் தென்கிழக்காசியக் கட்டளைத் தலைமையகத்தைக் கண்டிக்குக் கொண்டுவந்து பேராதனைப் பூங்காவில் குடியேற்றினார். அங்கிருந்து மாத்தளை ஒரு மணித்தியால ஓட்டம்கூட இல்லை. இந்த மாவட்டத்தின் வடக்கு முனையில், சிகிரியாக் குன்றுக்குப் பக்கத்தில், பிரிட்டிஷ் விமானப்படை ஓடுபாதை போட்டது. இன்றும் அங்கே விமானப்படைத் தளம் இருக்கிறது. அந்தப் போருக்காக வில்லிஸும் ஃபோர்ட்டும் சேர்ந்து 6 லட்சத்துக்கு மேற்பட்ட ஜீப்புகளைச் செய்து தள்ளின. போர் முடிந்ததும் உலகம் முழுவதும் படைகள் விட்டுப்போன வண்டிகள் ஏலத்துக்கு வந்தன. தோட்டத்துத் துரைமாருக்கு அதைவிட வாய்ப்பான வாகனம் ஏது? பிறகு லேண்ட் ரோவர் வந்து அந்த இடத்தைப் பிடித்தது என்பார்கள். பிரிட்டிஷ்காரரின் அந்தப் பெருமைக்கும் முதல் மாதிரியை 1947இல் ஒரு ஜீப்பின் சட்டகத்தின் மேல்தான் கட்டினார்கள் என்பது பலருக்குத் தெரியாது.

எங்கள் பலா மரத்து ஜீப் போர்க்காலத்தது இல்லை. சீ.ஜே. 3பீ என்ற வகை, 1953இல் தொடங்கியது. பொனட் மட்டும் நெற்றி ஏறின மாதிரி உயரமாக இருக்கும். உள்ளே இருக்கிற நாலு சிலிண்டர், 2.2 லீற்றர் எஞ்சினுக்குத் தலை கொஞ்சம் பெரிது, பழைய பொனட்டுக்குள் அடங்கவில்லை, அவ்வளவுதான் காரணம். ஏறக்குறைய 70 குதிரைவலு. இந்த வகை இத்தனை காலம் உயிரோடு இருப்பதற்கு அமெரிக்காவைப் புகழ்ந்து பயனில்லை. மகிந்திரா நிறுவனம் 1940களின் கடைசியிலேயே பம்பாயில் ஜீப் பூட்டத் தொடங்கி, இதே உருவத்தைப் பல தசாப்தங்களுக்கு விடாமல் செய்துகொண்டிருந்தது. கரையைக் கடந்தால் உதிரிப்பாகம். மசில் காருக்கு அந்தக் கொடுப்பினை இல்லை.

நண்பர் கைப்பேசியைச் சட்டைப் பையில் போட்டுவிட்டு ஜீப்பின் முன்பக்கம் குனிந்தார். நம்பர் பிளேட்டைத் துடைத்தார். ஒன்று, பிறகு சிங்கள 'ஸ்ரீ', பிறகு நாலு இலக்கம்.

விற்க வந்த தரகர் அதைத்தான் எதிர்பார்த்துக்கொண்டிருந்தார் போல. "ஒரிஜினல் ஸ்ரீ, சேர். இதுக்கே தனி விலை இருக்கு" என்றார். பொய்யில்லை. பழைய வாகனங்களில் பித்துக்கொண்டவர்கள் பதிவு மாறாத ஸ்ரீ இலக்கத்துக்குத் தனி மரியாதை கொடுக்கிறார்கள்.

நண்பர் நிமிர்ந்து என்னைப் பார்த்தார். அவருடைய அப்பா மாத்தளைக்கு லிகிதர் வேலைக்கு வந்தவர். அதற்கு முன், யாழ்ப்பாணத்தில் மாணவராக இருந்தபோது, இதே எழுத்தின் மேல் தார் பூசப்போனவர்களில் ஒருவர் என்று வீட்டில் கதை உண்டு. 1957 ஜனவரியிலிருந்து புதிதாகப் பதிகிற வாகனங்களில் ஆங்கில எழுத்துக்குப் பதிலாகச் சிங்கள ஸ்ரீ இருக்க வேண்டும் என்றது பண்டாரநாயக்க அரசு. போக்குவரத்து அமைச்சர் மைத்திரிபால சேனாநாயக்க. தனிச்சிங்களச் சட்டம் வந்து ஒரு வருடம்கூட ஆகவில்லை. தமிழரசுக் கட்சி ஸ்ரீ எதிர்ப்பைத் தொடங்கியது. ஜூலை 26ஆம் திகதி பண்டாரநாயக்கவும் தமிழரசுக் கட்சித் தலைவர் செல்வநாயகமும் செய்த பண்டா–செல்வா ஒப்பந்தம் கைச்சாத்தானதும் சூடு தணிந்தது. 1958 பிறந்த அன்றே பஸ்கள் எல்லாம் அரசுடைமையாகி இலங்கைப் போக்குவரத்துச் சபை உருவானது. மார்ச்சில் அந்தச் சபையின் புது பஸ்களை ஸ்ரீயோடு வடக்குக்கு அனுப்பினார்கள். வடக்கில் ஸ்ரீயை அழித்தார்கள். தெற்கில் தமிழ்ப் பெயர்ப்பலகைகளை அழித்தார்கள். ஏப்ரல் 9ஆம் திகதி ஒப்பந்தம் கிழிந்தது. மே மாதக் கடைசியில் இனக்கலவரத்தில் நாடே எரிந்தது.

ஒரு வாகனத்தின் நெற்றியில் இருக்கிற எழுத்துக்கு இவ்வளவு விலை வேறு எந்த நாட்டிலாவது கொடுத்திருப்பார்களா தெரியவில்லை. பின்னாளில் ஸ்ரீ போய் வெறும் இலக்கங்கள் வந்தன; 2000ஆம் ஆண்டில், என்ன சொல்வது, ஆங்கில எழுத்துகளே திரும்பி வந்தன. அப்பா தார் பூசிய எழுத்துக்கு மகன் மேலதிகமாகக் காசு கொடுப்பதா என்பது அன்று பலா மரத்தடியில் ஒரு நிமிடம் நின்றது. நண்பர் எதுவும் பேசவில்லை. பிளேட்டின் ஓரத்தில் துருப்பிடித்த ஆணியை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தார்.

கராஜின் மெக்கானிக் பாஸ் வந்துவிட்டார். எழுபதைத் தாண்டிய மனிதர். பையனாக இருக்கும்போது தோட்டத்து ஃபெக்டரியில் எஞ்சின் துடைக்கப் போனவர். தேயிலை காயவைக்கிற இயந்திரத்திலிருந்து துரையின் கார் வரை அங்கேதான் கற்றார். முதலில் எஞ்சினைத் தொடவில்லை. துணி சுற்றிய காந்தத்தைக் கதவோரம், மட்கார்டு, தரைத் தகடு என்று வைத்து வைத்துப் பார்த்தார். ஒட்டினால் இரும்பு, விழுந்தால் பட்டி. இரண்டு இடத்தில் விழுந்தது. பிறகு சட்டகத்தில் வெட்டியிருக்கும் இலக்கத்தைத் தேய்த்து, பதிவுப் புத்தகத்தோடு ஒப்பிடச் சொன்னார். ஸ்டியரிங்கை இரு விரலால் ஆட்டி, சக்கரம் எப்போது அசைகிறது என்று கண்ணால் அளந்தார். கடைசியாகத்தான் ஸ்டார்ட் பண்ணச் சொன்னார். எண்ணெய் ஊற்றும் வாயின் மூடியைத் திறந்து உள்ளங்கையை மேலே பிடித்தார். காற்று முட்டினால் பிஸ்டன் வளையங்கள் தேய்ந்திருக்கின்றன என்று பொருள். நீளமான ஸ்குரூ டிரைவரின் ஒரு முனையை எஞ்சினிலும் மறு முனையைக் காதிலும் வைத்துக்கொண்டு கண்ணை மூடினார். டாக்டர் நெஞ்சைப் பார்க்கும்போது வீட்டார் நிற்பது போல நாங்கள் நின்றோம்.

"வால்வு ரெண்டு கத்துது. சீட்டு தேஞ்சிருக்கும்" என்றார்.

இதில் ஒரு கதை இருக்கிறது. அந்தக் காலத்துப் பெற்றோலில் ஈயம் கலந்திருந்தது. வால்வு வந்து உட்காருகிற இடம் தேயாமல் காப்பதும் அந்த ஈயத்தின் ஒரு வேலை. இலங்கை 2002இல் ஈயத்தை நிறுத்தியது, காற்றுக்கும் பிள்ளைகளின் மூளைக்கும் அது நல்லது. ஆனால் ஈயத்தை நம்பிச் செய்த எஞ்சின்களுக்கு அன்றிலிருந்து தேய்மானம். கடினமான உலோக வளையத்தைச் செருகிச் சரிசெய்யலாம். பழைய வண்டி வாங்குகிறவர் விலை பேசுமுன் கேட்க வேண்டிய முதல் கேள்விகளில் இது ஒன்று, கேட்கிறவர்கள் குறைவு.

பெற்றோல் ஒருநாள் இல்லாமல் போகும் என்று உலகம் இப்போதுதான் பேசுகிறது. ஐரோப்பிய ஒன்றியம் 2035 என்று நாள் குறித்தது, பிறகு தளர்த்தலாமா என்று யோசிக்கிறது. நமக்கு அது புதுச் செய்தியா? 1990இல் பொருளாதாரத் தடை விழுந்ததும் யாழ்ப்பாணத்தில் பெற்றோல் மருந்துப் போத்தல் அளவுக்கு வந்துவிட்டது. மண்ணெண்ணெய்தான் ஓரளவு கிடைத்தது. அங்கே ஒஸ்ரின் ஏ40களும் மொறிஸ் மைனர்களும் அந்த மண்ணெண்ணெயில் ஓடின. துளிப் பெற்றோலை காபரேட்டருக்குள் விட்டு ஸ்டார்ட் பண்ணுவார்கள். எஞ்சின் சூடேறியதும் மண்ணெண்ணெய்க்கு மாற்றுவார்கள். நிறுத்துவதென்றால் யோசித்து நிறுத்த வேண்டும், சூடு ஆறினால் மறுபடி துளிப் பெற்றோல் வேண்டுமே. புகை வெள்ளையாக வரும், மணம் தெருக்கோடிவரை அடிக்கும். ஆனாலும் கர்ப்பிணிகள் ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்தார்கள்.

அது சாத்தியமானதற்குக் காரணம் சாமர்த்தியம் மட்டும் இல்லை, அந்த எஞ்சின்களின் சோம்பேறித்தனமும்தான். காற்றும் எரிபொருளும் சேர்ந்த கலவையை ஏறக்குறைய ஏழில் ஒரு பங்காக மட்டுமே நெருக்குகிற எஞ்சினுக்கு மட்டமான எரிபொருளும் செரிக்கும். அறுபதுகளின் மசில் கார்கள் பத்து மடங்குக்கு மேல் நெருக்கின. உயர்ந்த ஒக்டேன் இல்லாவிட்டால் எஞ்சின் தட்டத் தொடங்கி, பிஸ்டன் போய்விடும். வலு கூடக்கூட வாய்க்கு ருசியும் கூடிவிடுகிறது. பலா மரத்தடியில் நிற்கிற இந்த ஜீப் ஏழு மடங்குக் கட்சி.

2022இன் எரிபொருள் தட்டுப்பாட்டை யாருக்கும் சொல்ல வேண்டியதில்லை. ஜூன் கடைசியில் 92 ஒக்டேன் 470 ரூபாய். அதுவும் காகிதத்தில், ஏனென்றால் அத்தியாவசிய சேவைகளைத் தவிர மற்றவர்களுக்கு விற்பனையே நின்றிருந்தது. ஏ9 வீதியில் வண்டிகளை வரிசையில் விட்டுவிட்டு ஆட்கள் அதற்குள்ளேயே தூங்கினார்கள். பிறகு கியூஆர் அட்டை வந்தது, காருக்கு வாரம் 20 லீற்றர் என்றார்கள். ஒரு 7 லீற்றர் ஹெமிக்கு அந்த 20 லீற்றர் எவ்வளவு தூரம் தாங்கும்? மாத்தளையிலிருந்து யாழ்ப்பாணம் போய்ச் சேராது.

அப்படியானால் மின்சாரக் கார்தானே புத்தி என்று கேட்கலாம். நானும் நண்பரிடம் கேட்டேன். மாத்தளையில் அதற்கு ஓர் அழகுகூட இருக்கிறது. பொல்கொல்லையில் மகாவலியை மறித்து, மலைக்குள் சுரங்கம் குடைந்து, உக்குவளையில் கொண்டுவந்து விழுத்தி 1976இலிருந்து மின்சாரம் எடுக்கிறார்கள். அதே தண்ணீர் போவத்தன்னையில் இன்னொரு முறை சுழலியைச் சுற்றுகிறது. மாவட்டத்தின் கிழக்கில் மொரகஹகந்த அணையும் வந்துவிட்டது. மழை பெய்த பகலில் இங்கே மின்கார் ஓட்டுகிறவர் பாதியாவது ஆற்றுத் தண்ணீரில் ஓட்டுகிறார். அரபு நாட்டுக்கு டொலர் அனுப்பத் தேவையில்லை. ஆனால் பாவித்த மின்காரை வாங்குவது வேறு சங்கதி. 2014, 2015இல் வரி குறைந்திருந்தபோது நிஸான் லீஃப் அலையலையாக வந்தது. அதன் மின்கலத்தைக் குளிரவைக்கக் காற்றைத் தவிர வேறு ஏற்பாடு இல்லை. நம் வெயிலில், மலை ஏற்றத்தில், ஓடக்கூடிய தூரம் வருடா வருடம் சுருங்கியது. எஞ்சின் பழுதானால் திறந்து பார்க்கலாம். மின்கலத்தைத் திறக்க நம் பாஸ்மாருக்குப் பழக்கமும் இல்லை, கருவியும் இல்லை. புதியவற்றில் அந்தக் குறை பெரும்பாலும் தீர்ந்துவிட்டது என்பதையும் சொல்ல வேண்டும். வேலைக்குப் போய்வர வண்டி வேண்டும் என்கிறவருக்கு நான் இன்று மின்காரைத்தான் சொல்வேன்.

அப்புறம் குரங்கு. இறக்குமதிக் கதவு திறந்து எட்டே நாளில், 2025 பெப்ரவரி 9ஆம் திகதி, பாணந்துறை உப மின்நிலையத்தில் ஒரு குரங்கு தொடக்கூடாத இடத்தைத் தொட்டது. நாடு முழுவதும் இருட்டு. அமைச்சரே குரங்கைத்தான் குற்றம் சொன்னார். அதே ஆண்டு நவம்பர் கடைசியில் தித்வா புயலில் இந்த மாவட்டத்து மலைச்சரிவுகள் இறங்கியபோது, மின்சாரம் நாட்கணக்கில் போன ஊர்களில் ஒரு கேன் எரிபொருளுக்கு என்ன மதிப்பு என்று எல்லோருக்கும் மறுபடி தெரிந்தது.

எனக்கு அன்று கராஜில் பட்ட பயம் பெற்றோலைப் பற்றியது இல்லை. 2025இல் லீற்றர் 300 ரூபாயை ஒட்டி நின்றது, இன்னும் இருபது முப்பது வருடம் எந்த விலைக்காவது எங்காவது கிடைக்கும். பாஸின் பக்கத்தில் கையாள் ஒருவரும் இல்லை. முன்பு இரண்டு பையன்கள் இருந்தார்களாம். ஒருவன் கட்டாரில். மற்றவன் தம்புள்ளைச் சந்தையில் முச்சக்கரவண்டி ஓட்டுகிறான். இப்போதைய வண்டிகளுக்குக் கணினியைச் செருகினால் குறை திரையில் வருகிறது. ஸ்குரூ டிரைவரைக் காதில் வைத்துக் கண் மூடுகிற வித்தையை எதற்குக் கற்பது? காபரேட்டரின் திருகைக் கால் சுற்றுத் திருப்பி, எஞ்சின் மூச்சுவிடுகிற ஓசையில் அளவு பிடிக்கிறவர்கள் மாத்தளையில் எத்தனை பேர் என்று கேட்டேன். பாஸ் விரலை மடக்கத் தொடங்கி, மூன்றாவது விரலில் நிறுத்தி, "அவரு போன வருஷம் தவறிட்டாரு" என்று விரலை நிமிர்த்திவிட்டார். பெற்றோல் தீருமுன் இவர்கள் தீர்ந்துவிடுவார்கள். பழைய வண்டி வாங்க நினைக்கிறவர் கணக்குப் போட வேண்டிய ஆயுள் எஞ்சினுடையது அல்ல.

ஜீப்பை இரத்தோட்டைப் பக்கம் ஏற்றிப் பார்த்தோம். இரண்டாம் கியரில் முனகிக்கொண்டே ஏறியது, நின்று போகவில்லை. இறக்கத்தில் பிரேக் இடப்பக்கம் இழுத்தது. மிளகுக்கொடி படர்ந்த மரங்களுக்கு நடுவே நண்பர் ஓட்டிக்கொண்டு வந்தார், முகத்தில் பள்ளிக்கூடம் கட் அடித்த பையனின் சிரிப்பு. செலஞ்சர் ஞாபகம் அவருக்கு வந்ததாகத் தெரியவில்லை.

திரும்பி வந்து விலை பேசினார்கள். பட்டிக்கு இவ்வளவு, வால்வுக்கு இவ்வளவு என்று பாஸ் குறைத்தார். ஸ்ரீக்கு இவ்வளவு என்று தரகர் கூட்டினார். நண்பர் ஸ்ரீக்குக் கேட்ட காசைப் பேரம் பேசாமல் ஒப்புக்கொண்டதை நான் கவனித்தேன், ஏன் என்று கேட்கவில்லை. முற்பணம் கைமாறுகிற நேரத்தில்தான் பதிவுப் புத்தகத்தை விரித்தோம். தரகர் பெயர் அதில் இல்லை. அவருக்கு விற்றவர் பெயரும் இல்லை. 'ஓபன் பேப்பர்' என்று நம் நாட்டில் ஒரு வழக்கம்: பதிந்த உரிமையாளர் கையெழுத்துப் போட்ட மாற்றல் படிவத்தைத் திகதி இல்லாமல் கையில் வைத்துக்கொண்டு, வண்டியை ஒருவர் மாற்றி ஒருவர் விற்றுக்கொண்டே போவது. இந்த ஜீப்புக்கு அந்தப் படிவமும் எங்கோ தொலைந்திருந்தது. புத்தகத்தில் இருந்த பெயர் ஒரு தோட்டத்துத் துரையுடையது. அவர் செத்து முப்பது வருடமாவது இருக்கும் என்றார் தரகர், ஏதோ அது வண்டியின் இன்னொரு சிறப்பு என்பது போல.

பாஸ் கையைத் துணியில் துடைத்துக்கொண்டே வந்து புத்தகத்தை எட்டிப் பார்த்தார்.

"இஞ்சின நான் எழுப்பிருவேன் தம்பி. இந்தத் தொரய யாரு எழுப்புறது?"

நண்பர் இப்போது ஒரு சட்டத்தரணியைப் பிடித்துத் துரையின் வாரிசுகளைத் தேடிக்கொண்டிருக்கிறார். ஒருவர் அவுஸ்திரேலியாவில் இருப்பதாகத் தகவல். ஜீப் பலா மரத்தடியில்தான் நிற்கிறது. ஞாயிற்றுக்கிழமைகளில் பாஸ் அதைப் பத்து நிமிடம் ஸ்டார்ட் பண்ணிவிட்டு நிறுத்துகிறார். பெற்றோல் காசை நண்பர் கொடுத்துவிடுகிறார்.